வைத்த கரு ஒன்பது, வெற்றி ஒன்பது

செவலை இரண்டு வருஷமாகச் சினை பிடிக்கவில்லை. பரந்தாமன் அதை முகாமுக்கு ஓட்டிக்கொண்டு போனதற்குக் காரணம் அவ்வளவுதான்.

முகாம் திருத்தணியில், அரக்கோணம் சாலையில் இருந்த ஒரு பழைய சத்திரத்தில் நடந்தது. எண்பத்தேழாம் வருஷம் கருமாற்று வளர்ச்சிக் கழகம் என்று ஒன்று அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. எங்கோ பண்ணையில் இருக்கும் ஜெர்சிப் பசுவின் கர்ப்பப்பையிலிருந்து ஏழு நாள் வயதான கருவைக் கழுவி எடுத்து, ஊர் மாட்டின் கர்ப்பப்பையில் வைப்பது அதன் வேலை. மாடு நம்முடையது, பிறப்பது சீமைக் கன்று. தண்டோராவில் அப்படித்தான் சொன்னார்கள்.

சத்திரத்து வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. ‘வைத்த கரு: 8. வெற்றி: 8.’ பரந்தாமன் கைலி நெய்கிறவன். எட்டுக் கைலி நெய்தால் ஒன்றிலாவது இழை விட்டுப்போயிருக்கும். எட்டுக்கு எட்டு என்பதைப் பார்த்ததும் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

“சினைக்கு ஒரு ஊசி போட்டா போதும் சார்,” என்றான்.

திட்ட அலுவலர் டாக்டர் பாலசுப்பிரமணியன் அவனைப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்தார். “கடைசியா எப்ப கத்துச்சு?”

“போன வெள்ளிக்கிழமை சார். நாள் முழுக்கக் கத்துச்சு. காளைகிட்ட உட்டும் நிக்கல.”

“இன்னைக்கு வெள்ளி. சரியா ஏழு நாள்.” டாக்டர் திரும்பி உதவியாளர் தங்கவேலிடம், “ஒன்பது,” என்றார்.

அதற்குப் பிறகு செவலைக்கு ஒன்பது என்று பெயர். காதில் ஓட்டை போட்டு, எண் பொறித்த தகடு ஒன்றைத் தங்கவேல் மாட்டினார். தோள்வரை கையுறை போட்டுக்கொண்டு டாக்டர் ஒரு மெல்லிய எஃகுக் குழாயை உள்ளே செலுத்தினார். ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. டாக்டர் கையுறையைக் கழற்றுவதற்குள் தங்கவேல் வாசலுக்குப் போய்ப் பலகையில் இரண்டு எட்டுகளையும் அழித்துவிட்டு இரண்டு ஒன்பதுகளை எழுதினார்.

“சினை நின்னுச்சான்னு இப்பவே எப்படி சார் தெரியும்?” என்று பரந்தாமன் கேட்டான்.

டாக்டர் சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே சம்பளம் வாங்குகிறவர்போல நிமிர்ந்து நின்றார்.

“வெற்றின்னா என்ன? கரு வெளியே இருந்தது. இப்ப உள்ளே இருக்கு. திட்டத்துக்குப் பேரே கருமாற்றம். மாத்தியாச்சு. வெற்றி. உள்ளே தங்குறதும் தங்காததும் மாட்டோட ஒழுக்கத்தைப் பொறுத்தது. மாட்டோட ஒழுக்கம் உரிமையாளரைப் பொறுத்தது. அதுல கழகம் தலையிடுறதில்லை.”

கையெழுத்துப் போடச் சொல்லிப் பதினான்கு நிபந்தனைகள் கொண்ட தாளைக் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது அரசுக் கரு. மாட்டைக் காளையிடம் விடக்கூடாது. கன்று போடும்வரை மாடு ஆந்திர எல்லையைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தங்கவேல் வந்து பார்ப்பார். முதல் இருபத்தொரு நாளைக்கு மாட்டைச் சுற்றி இருநூறு அடிக்குள் அதிர்ச்சி தரும் சத்தம் கூடாது. மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தினால் கரு சேதமடைந்ததாகக் கொள்ளப்படும். அப்போது மாடு ஆய்வுக்கு எடுத்துச் செல்லப்படும்.

ஆய்வு என்றால் என்ன என்று பரந்தாமனுக்குச் சத்திரத்து வாசலிலேயே தெரிந்துவிட்டது. திருவாலங்காட்டிலிருந்து வந்திருந்த தாயாரம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கரும்பு வெட்டுகிறவள். கையில் ஒரு காக்கிக் கவர்.

“உன்னுது எத்தினி நம்பருப்பா?”

“ஒம்போது.”

“என்னுது நாலு. வெச்சு இருவது நாளுக்குள்ள கத்திடுச்சு. லாரி வந்து ஏத்திகினு போச்சு. மூணு மாசமா கேட்டுகினு இருந்தேன். இன்னைக்கு மாட்டைக் குடுப்பாங்கன்னு வந்தா, இதக் குடுத்தாங்க.” கவரைக் கவிழ்த்தாள். நான்கு என்று எழுதிய காதுத் தகடு உள்ளங்கையில் விழுந்தது. “கையெழுத்து வாங்கிகினுதான் குடுத்தாங்க. அதுல குறை சொல்ல முடியாது.”

பரந்தாமன் திரும்பிப் பலகையைப் பார்த்தான். நான்காவது மாடும் அந்த வெற்றியில் இருந்தது.

*

நெசவாளர் தெரு மலையடியில் இருந்தது. நாற்பது வீடு, நாற்பது குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு மிதித்து நெய்கிற தறி அது. நாற்பது பேர் மிதித்தால் தரை லேசாக அதிரும். கழகத்தின் கருத்துப்படி அந்த அதிர்வு தரை வழியாக மாட்டின் குளம்புக்கு வந்து, குளம்பிலிருந்து கர்ப்பப்பைக்குப் போகும்.

மறுநாளே தங்கவேல் டேப்போடு வந்தார். செவலையின் தொப்புளிலிருந்து இருநூறு அடி அளந்தார். நாற்பது வீடும் உள்ளே வந்தன. தெருமுனையில் மலைக்கு வருகிறவர்களுக்கு மொட்டை போடுகிற கடையில் பாதி வந்தது. கத்தரிக்கோலுக்குத் தடை, சவரக்கத்திக்குத் தடை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். தறிகள் நின்றன. தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுவதும் நின்றது, ஏனென்றால் கஞ்சி போடும்போது ஆட்கள் பேசுவார்கள்.

பரந்தாமனின் மனைவி கோமளவல்லி ஆந்திராவில் நகரிப் பக்கத்துப் பெண். செவலை அவளோடு கன்றுக்குட்டியாகச் சீர் வந்தது. பாவுக்குப் போட்டு மிஞ்சுகிற கஞ்சியைக் குடித்துத்தான் அது வளர்ந்தது.

“மாட்டுக்குச் சினை பிடிக்கணும்னு கூட்டிகினு போனே,” என்றாள். “தெருவுக்கே பிள்ளைத்தாச்சிப் பத்தியம் வாங்கிகினு வந்துட்டே பாவா.”

“இருவத்தியோரு நாளுதான்.”

“அதுக்குள்ள கத்திச்சுன்னா?”

பரந்தாமன் மாட்டின் காதுத் தகட்டைத் திருப்பிப் பார்த்தான். கோமளவல்லி மாட்டின் கழுத்தைத் தடவி, “என் மாட்டைக் கவர்ல வாங்க மாட்டேன்,” என்றாள்.

பதினாலாம் நாள் காலையில் செவலை கத்தியது.

அடிவயிற்றிலிருந்து எழுந்து, மலைப்படிகள்வரை கேட்கிற கத்தல். கரு தங்கவில்லை என்று புரிந்துகொள்ளத் தெருவில் யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை. நாற்பது வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். வெள்ளிக்கிழமை. தங்கவேல் வருகிற நாள்.

நெசவாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர் வரதராஜன் தெருவுக்கே மூளையாகச் செயல்பட்டு வந்தவர். “தங்கவேலு காதுல இது விழக்கூடாது,” என்றார். “விழுந்தா லாரி வரும். செவலை போயிடும்.”

“வாயைக் கட்டலாமாண்ணா?”

“கட்டினா மூக்கால கத்தும். ஆளு சைக்கிள்ள முக்கு திரும்பிட்டான்டா.” வரதராஜன் சுற்றிலும் பார்த்தார். அவர் பிறந்ததிலிருந்து எந்தச் சத்தத்தையும் அமுக்கக்கூடிய ஒரே சத்தத்தைத்தான் கேட்டு வளர்ந்தவர். “தறியை ஓட்டுங்கடா. நாப்பதையும்.”

பதினான்கு நாள் சும்மா கிடந்த கைகால்கள். ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரே மூச்சில் நாற்பது குழியிலும் கால்கள் இறங்கின. நூல் ஓட்டும் நாடாக்கள் பறந்தன. ஓட்டுக்கூரையிலிருந்து தூசி கொட்டியது.

தங்கவேல் தெருவின் நடுவில் சைக்கிளை நிறுத்தினார். செவலையின் வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு சத்தமும் கேட்கவில்லை.

“என்ன செய்யுது?” என்று கையைக் குவித்துக் கத்தினார்.

“ஆங்?”

“மாடு என்ன செய்யுது?”

“அசை போடுது சார்!” என்று பரந்தாமன் கத்தினான்.

தங்கவேல் தலையாட்டினார். மாடு கத்தவில்லை என்று குறித்துக்கொண்டார். பிறகு தெருமுனைவரை நடந்து, ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்து, ஓடுகிற தறிகளை எண்ணினார். நாற்பதாவது வாசலில் அவர் நோட்டை மூடியபோதுதான் வரதராஜனுக்குத் தான் செய்தது என்னவென்று விளங்கியது. கையை உயர்த்தினார். தறிகள் நின்றன. நல்லவேளையாகச் செவலையும் அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வாரத்தில் நோட்டீஸ் வந்தது. ‘பதினான்காம் நாளன்று நாற்பது தறிகள் தடையை மீறி இயக்கப்பட்டது நேரில் கண்டறியப்பட்டுள்ளது. பசு எண் ஒன்பது பருவத்துக்கு வராததால் கரு இதுவரை நலமாக இருப்பதாகக் கருதப்படுகிறது. இனி கருவுக்கு எக்காரணத்தாலும் சேதம் நேர்ந்தால் அது மேற்படி சத்தத்தால் நேர்ந்ததாகவே கொள்ளப்பட்டு, நாற்பது தறிகளும் நிரந்தரமாகச் சீல் வைக்கப்படும்.’

வரதராஜன் அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். இல்லாத கருவுக்கு நாற்பது குடும்பம் பொறுப்பாகிவிட்டது.

“இன்னா பண்றது இப்ப?” என்று யாரோ கேட்டார்கள்.

“சினை ஆக்கணும்,” என்றாள் கோமளவல்லி. “வேற இன்னா?”

முதலில் கத்தியதிலிருந்து இருபதாம் நாள் செவலை மறுபடி கத்துகிற முகம் காட்டியது. அன்று வியாழக்கிழமை. விடிந்ததும் காதைச் சுற்றித் துணி கட்டி, தகடு தெரியாமல், கே.ஜி.கண்டிகைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அங்கே முனியனிடம் ஒரு கருப்புக் காளை இருந்தது. நாட்டுக்காளை. கழுத்துக்குப் பின்னால் பெரிய திமில்.

முனியன் துணியைப் பார்த்தார். “இன்னாடா இது, மாட்டைக் காது குத்துக்குக் கூட்டிகினு வந்தியா, கண்ணாலத்துக்கா?”

“காதுல புண்ணு.”

“புண்ணு காதுல. காளை எதுக்கு?”

பரந்தாமன் துணியின் முடிச்சை இறுக்கினான். முனியன் மேலே கேட்கவில்லை. இந்த முறை செவலை நின்றது. இரண்டு வருஷம் எந்தக் காளைக்கும் நிற்காதது, அரசாங்கத்துக்கும் நிற்காதது, முனியனின் காளைக்கு நின்றது. சினையும் பிடித்தது. தெரு மூச்சுவிட்டது. சத்தம் குறைய, தறிகளின் பலகைக்குப் பழந்துணி சுற்றி நெய்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் தங்கவேல் வரும் நேரத்துக்கு மட்டும் நாற்பது தறியையும் நிறுத்தினார்கள். அது யாரும் சொல்லாமலே பழக்கமாகிவிட்டது.

தொண்ணூறாம் நாள் டாக்டர் வந்து சோதித்தார். தோள்வரை கையை உள்ளே விட்டார். எதையோ தேடுகிறவர்போல நெடுநேரம் அசையாமல் நின்றார். பரந்தாமனைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். கையை வெளியே எடுத்தார்.

“வெற்றி,” என்றார். “மூணு மாசச் சினை.”

உண்மையில் அது இரண்டு மாதம்கூட நிரம்பாத சினை. அரசாங்கக் கணக்குக்கும் செவலையின் கணக்குக்கும் சரியாக நாற்பத்தோரு நாள் வித்தியாசம். நெசவாளர்கள் இழை எண்ணுகிறவர்கள். அந்த வித்தியாசத்தைத் தெருவில் குழந்தைகூடச் சொல்லும். வரதராஜன் அதற்கும் வழி வைத்திருந்தார். “ஒன்றரை மாசம் லேட்டாப் பொறந்துச்சுன்னு சொல்லிக்கலாம். சீமை மாடு. அது ஊர்ல எல்லாம் லேட்டு.”

*

ஆடி மாதம் பிறந்ததும் டாக்டர் தெருவுக்கே வந்து கூட்டம் போட்டார். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

“டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருது. இந்தத் திட்டத்துல பிறக்குற கன்னை நேர்ல பாக்கணும்னு விரும்புறாங்க. மத்த எட்டுலயும் வெற்றி கிடைச்சிருக்கு. ஆனா கன்னு கிடைக்கல. அதனால ஒன்பது மேலதான் எல்லாரும் நம்பிக்கை வெச்சிருக்கோம். கரு வெச்சதிலிருந்து கணக்குப் போட்டா, கன்னு பிறக்க வேண்டிய நாள் ஆடிக் கிருத்திகை. குழுவுக்கும் அன்னைக்குத் தரிசனம் பண்ணணும்னு ஆசை. முருகனே தேதி குறிச்ச மாதிரி இருக்கு. காலை ஒன்பது மணிக்குக் கன்னு பிறக்கும். பத்தரைக்குக் குழு மலை ஏறும்.”

“அன்னைக்குப் பொறக்கலன்னா சார்?” என்று வரதராஜன் கேட்டார்.

“ரெண்டு நாள் முன்னாடி ஊசி போடுவோம். ஊசி போட்டா பிறந்துதான் ஆகணும். மாட்டுக்கு அதுல சாய்ஸ் கிடையாது.”

தெரு கலைந்து போனது. அன்று யாரும் நெய்யவில்லை. ஒன்றரை மாதம் முன்னால் இழுத்துப் போட்டால் கன்று நிற்காது. நஞ்சுக்கொடி உள்ளே தங்கி மாடும் போகலாம். கோமளவல்லி மாட்டுக்குக் கஞ்சித் தண்ணீர் வைத்துவிட்டு, தொட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“போய்ச் சொல்லிடு பாவா.”

“சொன்னா நாப்பது தறி.”

“சொல்லலன்னா இவ.”

பரந்தாமன் வரதராஜனின் வாசலுக்குப் போய் நின்றான். அவர் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “உன் மாடு நைனா. எங்க தறி. நீயே யோசிச்சுக்கோ.”

பரந்தாமன் யோசித்தான். பிறகு சத்திரத்துக்குப் போனான். டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். பதினாலாம் நாள் கத்தியது, தறி ஓட்டியது, முனியனின் காளை, நாற்பத்தோரு நாள். டாக்டர் தயிர்சாதத்தை நிறுத்தாமல் கேட்டார்.

“தெரியும்,” என்றார்.

“சார்?”

“தொண்ணூறாம் நாள் கை விட்டேனே, அப்பவே தெரியும். இருபது வருஷ சர்வீஸ்யா. ரெண்டு மாசச் சினைக்கும் மூணு மாசத்துக்கும் கைக்கு வித்தியாசம் தெரியாதா?”

“அப்ப ஊசி வேணாம் சார். கன்னு செத்துடும்.”

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அவன் முன் விரித்தார். கோபமே இல்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலப் பேசினார்.

“இதைப் பாரு. கரு வைத்த தேதி. கன்று பிறந்த தேதி. கன்று கிடாரியா காளையா. கன்றின் எடை. அவ்வளவுதான் கட்டம். பிழைச்சுதான்னு எங்கயாவது கேட்டிருக்கா? டெல்லியில நூத்துக்கணக்கான பேரு உக்காந்து யோசிச்சுப் போட்ட படிவம். அவங்க கேக்காததை நாம ஏன் சொல்லணும்? நீ சொன்னதை நான் எழுதினா உன் தெரு போகும். என் வேலை போகும். திட்டம் போகும். எழுதலன்னா ஒரு கன்னு போகும். நீயே சொல்லு, நான் கெட்டவனா?”

பரந்தாமன் படிவத்தில் பிழைத்ததா என்ற கட்டத்தைத் தேடினான். கையெழுத்துப் போடச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து வெளியே வந்துவிட்டான்.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு ஊர் நிறைந்துவிட்டது. ஆந்திராவிலிருந்து காவடிகள் வந்துகொண்டேயிருந்தன. மொட்டை போட்டு முடித்தவர்கள் திரும்பிப் போய்க்கொண்டேயிருந்தார்கள். கோமளவல்லி விடியற்காலையில் செவலையைக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் அப்பி, கொம்புக்குப் பூச்சுற்றினாள். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாட்டைப்போல. காதில் ஒரு பெரிய சாமந்தி மாலை, தகட்டை மறைத்து. இரண்டு பேரும் திரும்பிப் போகிற கூட்டத்தோடு நகரிச் சாலையில் நடந்தார்கள். யாரும் கேட்கவில்லை. ஒரு மொட்டைத் தலைக்காரர் மாட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எல்லைக்கு அரை மைல் முன்னால் கழகம் புதிதாக ஒரு மூங்கில் தடுப்பு போட்டிருந்தது. அதற்கு ஒரு காவலாளி. பெயர் பரசுராமன். அவர் கையில் ஒரு தாள்.

“சிவப்பு மாடு. நெத்தியில வெள்ளைச் சுட்டி. எட்டு மாசத்துக்கு மேல வயிறு,” என்று படித்துப் பார்த்து மாலையை விலக்கினார். “ஒம்போது. உள்ள சர்க்காரு கன்னு கீதுங்க. எல்லை தாண்டக் கூடாது.”

“கன்னு இங்கயே வெச்சுட்டு மாட்டை மட்டும் ஓட்டிகினு போவட்டா?” என்றாள் கோமளவல்லி.

பரசுராமன் தாளைத் திருப்பிப் பார்த்தார். “அதப்பத்தி எழுதல தாயி.”

ஜீப் வந்தது. டாக்டர் இறங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். “நல்லவேளை, நேரத்துக்குப் புடிச்சீங்க,” என்று பரசுராமனைப் பாராட்டினார். அந்தத் தடுப்புக்குப் பக்கத்திலேயே, போகிற காவடிகள் வேடிக்கை பார்க்க, செவலைக்கு ஊசி போட்டார்.

*

கிருத்திகையன்று சத்திரத்து வாசலில் பந்தல். வாழைமரம், நாதஸ்வரம். மாட்டுக்கு அதிர்ச்சி என்று தவிலுக்குத் துணி சுற்றியிருந்தார்கள். டெல்லிக்காரர்கள் நான்கு பேர் சஃபாரி உடையில் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். செவலை நடுவில் படுத்திருந்தது. ஒன்பது மணி தாண்டிக் கால் மணி நேரம் ஆனபோது டாக்டர் கயிறு போட்டு இழுத்தார்.

கன்று வெளியே வந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரியது. உடம்பில் மயிர் சரியாக முளைக்கவில்லை. முளைத்தவரை கருப்பு. கழுத்துக்குப் பின்னால் சின்னத் திமில் மேடு. அது ஒருமுறை மூச்சை இழுத்தது. இரண்டாவது முறை இழுத்ததா என்பதில் தெருவில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

“கிடாரி!” என்று டாக்டர் அறிவித்தார். கைதட்டினார்கள். டெல்லிக்காரர் ஒருவர் நிறத்தைப் பற்றி ஏதோ கேட்டார். ஜெர்சி முதலில் இப்படித்தான் இருக்கும், வெயில் பட்டதும் சிவக்கும் என்று டாக்டர் சொன்னார். இன்னொருவர் கன்று ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டார். பயணக் களைப்பு என்றார் டாக்டர். அந்தப் பதில் அவர்களுக்குப் புரிந்தது. அவர்களும் இரண்டு இரவு ரயிலில் வந்திருந்தார்கள்.

புகைப்படம் எடுக்கும்போது டாக்டர் ஒரு கையால் கன்றின் தலையைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடித்திருந்தார். படத்தில் அந்தக் கை மாலைக்குள் மறைந்திருந்தது.

பத்தரைக்குக் குழு மலை ஏறியது. கன்றை ஒரு சாக்கில் சுற்றிப் பரந்தாமனிடம் கொடுத்தார்கள். கிருத்திகைக் கூட்டத்தில் அதை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது என்று தெரியாமல் அவன் மதியம்வரை வைத்துக்கொண்டு நின்றான்.

மூன்றாம் நாள் லாரி வந்தது. செவலைக்கு நஞ்சு முழுதாக விழவில்லை. காய்ச்சலில் நின்றுகொண்டிருந்தது.

“கத்தினாதானே சார் ஆய்வு?” என்று பரந்தாமன் ஓடினான். “கன்னு போட்டுடுச்சே. வெற்றின்னு நீங்களே சொன்னீங்களே.”

“தோல்வியை ஆய்வு செஞ்சு என்ன பிரயோஜனம்?” என்றார் டாக்டர். “எட்டுத் தோல்வி பாத்தாச்சு. இதுதான் எங்களுக்குக் கிடைச்ச ஒரே வெற்றி. இதைத் திறந்து பாக்கலன்னா எதைப் பாக்குறது?”

செவலை லாரியில் ஏற மறுக்கவில்லை. அதற்கு அவ்வளவு பலம் இல்லை. கோமளவல்லி அதன் கழுத்துக் கயிற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அது கழகத்துக் கயிறு அல்ல என்பதால் யாரும் கேட்கவில்லை.

புரட்டாசியில் தபாலில் காக்கிக் கவர் வந்தது. உள்ளே ஒன்பது. கூடவே ஒரு பாராட்டுப் பத்திரம்.

தறிகளுக்குச் சீல் வைக்கவில்லை. அதற்காகத் தெரு பரந்தாமனிடம் பழையபடி பேசத் தொடங்கியது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை தங்கவேல் சைக்கிளில் வந்தார்.

“கன்னு எப்படி இருக்கு?”

பரந்தாமன் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் விளையாடவில்லை.

“அது செத்துடுச்சு சார். உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கு எழுத்துல ஒண்ணும் வரலியே. பிறந்த கன்னை ரெண்டு வருஷம் கண்காணிக்கணும்னு விதி. செத்துடுச்சுன்னு எழுதினா ஏன் செத்துச்சுன்னு எழுதணும். ஏன்னு எழுதினா...” தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். துணி சுற்றிய நாற்பது தறிகளும் நின்றிருந்தன. வரதராஜன் வாசலில் நின்று மெதுவாகத் தலையை ஆட்டினார். எழுத வேண்டாம் என்று.

“நாப்பது கிலோ போடலாமா?” என்று தங்கவேல் கேட்டார்.

“போடுங்க,” என்றார் வரதராஜன்.

கன்று வளர்ந்தது. கார்த்திகையில் அறுபது கிலோ. தை மாதம் குடற்புழு மருந்து கொடுத்ததாக எழுதினார்கள். அதற்கும் பரந்தாமன் கையெழுத்துப் போட்டான். கன்று இருக்கிற வீட்டில் தொட்டி காய்ந்திருக்கக் கூடாது என்று தங்கவேல் ஒருமுறை கண்டித்தார். அதன் பிறகு வெள்ளிக்கிழமை காலையில் கோமளவல்லி தொட்டியில் கஞ்சி ஊற்றி வைத்தாள். அவர் போன பிறகு சாக்கடையில் கொட்டினாள். முதல் சில வாரம் கொட்டும்போது ஏதாவது சொல்லித் திட்டினாள். பிறகு திட்டுவதையும் விட்டுவிட்டாள். சத்திரத்துப் பலகையில் அந்தப் புகைப்படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். புதிதாக மாடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார்கள்.

ஒரு வருஷம் தாண்டி, கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. தங்கவேல் வந்தார். வழக்கம்போல நாற்பது தறியும் நின்றன. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். எடையை எழுதினார். நோட்டை மூடப்போனவர் நின்றார். கட்டுத்தறிப் பக்கம் தலையைச் சாய்த்தார். அங்கே வெறும் முளைக்குச்சி இருந்தது.

“கத்துதே,” என்றார்.

வாசல்களில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் காது கொடுத்தார்கள். மலைமேல் மணி அடித்து ஓய்ந்தது. வேறு எதுவும் இல்லை.

“பருவத்துக்கு வந்துடுச்சு,” என்றார் தங்கவேல். “காலையிலிருந்தா?”

வரதராஜன் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் கோமளவல்லியின் குரல் வந்தது. பின்னிய தலைமயிரை முடிந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

“ஆங். விடிஞ்சதிலேர்ந்து கத்திகினுதான் கீது.”

தங்கவேல் எழுதிக்கொண்டார். “சரியா ஏழாம் நாள். அடுத்த வெள்ளி டாக்டர் ஐயா ஜீப்புல வருவாரு. மாட்டைக் குளிப்பாட்டிக் கட்டி வைங்க.”

எந்த மாட்டை என்று பரந்தாமன் கேட்கவில்லை. கயிறு எங்கே என்று தேடி உள்ளே போனான்.